பிரேக்கில் புகுந்த காற்று

எங்கள் அடுக்ககத்தில் அவரை டர்போ என்றுதான் கூப்பிடுவோம். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர், தன் சின்னச் சிவப்புக் காரைப் பந்தயக் குதிரை மாதிரி வளர்த்தார். மெக்கானிக் யாரையும் கிட்டே சேர்க்கவில்லை. வண்டியை விட்டால் அவருக்குப் பேச்சுத்துணை மனைவிதான். நாங்கள் அவரை அக்கா என்போம்.

பெரிய பிரேக் மாட்டினால் எண்ணெய்க் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். அக்கா உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, இவர் சக்கரத்தருகே திருகாணியைத் திறந்து மூடுவார். அப்படி மாட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் மூடுவதற்குள் அக்கா காலை எடுத்துவிட்டார். காற்று மறுபடி உள்ளே புகுந்தது.

"ஒரு காலை அழுத்தி வச்சிருக்கக்கூடத் துப்பில்லையா உனக்கு?" தெருவே கேட்கக் கத்தினார்.

"பத்து வருஷமா மிதிச்சிட்டுத்தானே இருக்கேன்," என்றார் அக்கா. இறங்கி அண்ணன் வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை.

மூன்று மாதம் கார் ஜாக்கி ஸ்டாண்டின் மேலேயே நின்றது. நேற்று ஒரு கைப்பம்பு வாங்கிவந்து, சக்கரத்தருகே குந்தியபடி தனியாகவே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டார்.

"இதுக்கு ஆளே தேவையில்ல, பாருங்க," என்றார் என்னிடம். எனக்கு எரிச்சலாக வந்தது.

பிரேக்கை மிதித்துப் பார்க்க உள்ளே ஏறினார். கால் எட்டுவதற்காக அக்கா முன்னால் இழுத்துப் போட்ட சீட் அப்படியே இருந்தது. இவருடைய முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் முட்டின. சீட்டைப் பின்னால் தள்ளுவார் என்று பார்த்தேன், தள்ளவில்லை. அரை மணி கழித்து வந்து பார்த்தபோதும் அப்படியே மடங்கித்தான் உட்கார்ந்திருந்தார்.