கண் திறக்காத சிலை

காலை ஆறு மணிக்கு ஹனூரில் பஸ் ஏறினேன். மைசூர் ஐம்பது மைலுக்கு மேல். டிக்கெட் ஒரு ரூபாய் பத்து அணா. பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவன் நான். சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் எங்கள் தபால்காரர். பிழை இருந்தால் அவருடையது, பொய் இருந்தால் என்னுடையது.

பொய்யால்தான் இந்தப் பயணமே. மறைந்த தேசத் தலைவரை நேருக்கு நேர் பார்த்தேன், அவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார் என்று பல வருஷமாக ஊரில் அளந்துவந்தேன். இந்த பஸ்ஸின் டிரைவரான என் மச்சான், அதை மைசூரில் ஒரு ஸ்தபதியிடம் சொல்லிவிட்டான். தலைவருக்கு நினைவு மண்டபம் எழும்புகிறது. சிலையில் கண் மட்டும் பாக்கி. ஸ்தபதி அவரைப் படத்தில் தவிரப் பார்த்ததே இல்லை. நான் சொல்லும் கண்ணைத்தான் செதுக்கப்போகிறாராம்.

"பாத்துச் சொல்லு மாமா. கல்லுல உளி பட்டா அழிக்க முடியாது," என்றான் மச்சான்.

பதினொன்றரைக்கு மைசூரில் ஸ்தபதியின் பட்டறை இருக்கும் மண்டி மொஹல்லா. சந்து முழுக்க வண்டியும் கூச்சலும். பட்டறைக் கதவைத் தாண்டியதும் ஒரு சத்தமும் இல்லை. ஈரச் சாக்கு போர்த்திக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். வணக்கம் சொன்னேன். கிட்டப் போனால், கல்.

ஸ்தபதி முகத்துச் சாக்கை மட்டும் விலக்கினார். கண் இருக்கவேண்டிய இடத்தில் வழுவழுவென்று இரண்டு மேடு. இடப்பக்கம் நகர்ந்தேன், வலப்பக்கம் நகர்ந்தேன். இல்லாத கண் என்னை விடவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த பொய்யைக் கைவிட்டேன்.

"மொகத்தைப் பாக்கலீங்க. கூட்டத்துல பின்னால மாட்டிக்கிட்டனுங்க. முதுகைத்தான் பாத்தேன். எடது தோள் கொஞ்சம் எறங்கியிருந்துச்சு, ஆரோ கையைப் புடிச்சுத் தொங்கற மாதிரி."

ஸ்தபதி உளியைக் கீழே வைத்தார். "ஸ்வல்ப, கொஞ்சம் இங்க வாப்பா," என்று சிலையின் பின்னால் கூட்டிப்போய் மீதிச் சாக்கை உருவினார்.

இடது தோள் இறங்கியிருந்தது.

"இத யாரும் எனக்குச் சொல்லல. செதுக்கறப்போ என் கை தானா இறங்கிப்போச்சு. தப்புன்னு நினைச்சு மூடி வெச்சிருந்தேன்."

தரையில் சாக்பீஸால் மண்டபத்தை வரைந்து வைத்திருந்தார். முகத்துப் பக்கம் இருந்த வாசலைக் காலால் அழித்துவிட்டு, சிலையின் முதுகுப் பக்கம் புது வாசல் போட்டார். ஜனங்களில் முக்கால்வாசிப் பேர் அவரைப் பார்த்தது பின்னால் நடந்துதானாம். கண்ணைத் திறக்கப்போவதில்லை என்றார்.

"முன்னால போய் நிக்கறவன், அவர் தன்னை எப்படிப் பாப்பார்னு அவனே நினைச்சுக்கட்டும்."

மூன்று மணிக்குத் திரும்புகிற பஸ். என்ன கண் சொன்னேன் என்று மச்சான் கேட்டான். உண்மையைச் சொன்னேன், அவன் நம்பவில்லை. இனி ஊரிலும் முதுகுக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

எப்போதும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தொணதொணக்கிறவன், அன்று கடைசி ஸீட்டுக்குப் போனேன். எனக்குப் பின்னால் உட்கார்ந்து யாரும் என் முதுகைப் பார்க்கக் கூடாது என்று பட்டது. ஹனூர் வரை முன்னால் இருந்தவர்களின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லோருக்கும் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.