இடிக்குப் பிடுங்கிய டிஸ்க்

என் மகள் எங்கள் மலையூரான நாகலூரிலிருந்தே வேலை பார்க்கலாமா, பெங்களூருக்குத் திரும்ப வேண்டுமா என்று அவளுடைய ஆபீஸ் அன்று முடிவு செய்ய இருந்தது. வீட்டிலிருந்தபடியே தான் எழுதிய நிரலை அவள் இயக்கிக் காட்ட வேண்டும். அது ஓடுவது விர்ச்சுவல் மெஷினில், அதாவது அவள் கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினியில். காலையில் அந்த மெஷின் எழும்போதே பாதியில் உறைந்து நின்றது; திரையில் ஒரு வட்டம் மட்டும் சுழன்றது.

"கரண்டு இருக்குதே கண்ணு?" என்றேன்.

"கம்முனு இருங்கப்பா."

சுழலும் வட்டத்தை விலக்கி, அதன் பின்னால் ஓடும் வரிகளைத் திரைக்குக் கொண்டுவந்தாள். பத்திரிகையில் நான் முதல் வரிக்காக உழைத்தவன். அவள் கடைசி வரியைத்தான் படித்தாள். மெஷின் ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருந்தது.

"ஏனுங்கப்பா, நேத்து இடிக்கு எதையெல்லாம் புடுங்குனீங்க?"

இடி கேட்டால் எல்லா வயரையும் பிடுங்கிவிடுவது மலையில் எல்லா வீட்டிலும் வழக்கம். திரும்பச் செருகும்போது, நகல்கள் வைக்கும் அவளுடைய கறுப்பு டிஸ்க்கை மறந்திருந்தேன். எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. மெஷினின் அமைப்பில், டிஸ்க் இல்லாவிட்டால் காத்திருக்காதே என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தாள். டிஸ்க் இல்லாமலே அது எழுந்தது.

"இனி நீங்க தாராளமாப் புடுங்குங்க."

மதியம் ஆபீஸின் அனுமதி வந்தது. சாயங்காலம் மறுபடி இடித்தது. பெருமையோடு எல்லாவற்றையும் பிடுங்கினேன்.