கடைசித் தொட்டியின் கெண்டைகள்

ஒலக்கூர்ப் பக்கத்து மருந்துக் கம்பெனியில் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்வது சவுரிராயனின் வேலை. அந்தத் தொட்டிகள்மீது அவருக்கு அப்படியொரு பெருமை. மஞ்சளாக, மூக்கைத் துளைக்கும் நெடியோடு வரும் தண்ணீரைச் சுண்ணாம்பு போட்டுத் தெளியவைத்துக் காற்றடிக்கும் தொட்டிக்கு அனுப்புவார். அவர் சாணி கரைத்து ஊற்றி வளர்த்த கிருமிகள் அங்கே மிச்ச அழுக்கைத் தின்று தீர்க்கும்.

"மாடு மாதிரிதாங்க. பட்டினி போட்டாலும் சாவும், கண்டதப் போட்டாலும் சாவும்" என்பார், பார்க்க வருபவர்களிடம்.

கடைசித் தொட்டியில் ஏரிக் கெண்டைகளை விட்டிருந்தார். மீன் நீந்தினால் வால்வைத் திறக்கலாம். தண்ணீர் கம்பெனியின் சவுக்குத் தோப்புக்கும், வேலிக்கு அப்பால் தையல்நாயகி நிலக்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லைக்கும் போகும். மீன் செத்தால், பரிசோதனைக் கூடத்து நடராசன் வந்து பார்க்கும்வரை யாரும் வால்வைத் தொடக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவரே சவுரிராயன்தான்.

எண்பத்தேழில் மழை ஏமாற்றிவிட்டது. புருஷனை இழந்த தையல்நாயகிக்கு அந்த முக்கால் ஏக்கரை விட்டால் வேறு கதியில்லை. இரண்டு பெண் பிள்ளைகள் வேறு. பூ உதிர்ந்து, காய் பிடிக்க விழுது மண்ணில் இறங்கும் சமயத்தில் வேலியோரம் வந்து நின்றாள்.

"இன்னும் ஒரே ஒரு தண்ணி, சவுரி. காஞ்சிக்கினு கெடக்குதுப்பா."

"காலையில வுடறேன், அக்கா. போய்ட்டு வாங்க."

காலையில் பார்த்தால், தொட்டியிலிருந்த ஆறு மீனும் மல்லாந்து மிதந்தன. காற்றுத் தொட்டியின் பழுப்பு நுரை வெளுத்திருந்தது. நடராசன் சென்னைக்குப் போயிருந்தார்; திரும்ப இரண்டு நாளாகும். வரப்பில் மண்வெட்டியோடு அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

வெயிலுக்குச் செத்திருக்கும் என்று சவுரிராயன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சைக்கிளில் ஏரிக்குப் போய் நாலு கெண்டை பிடித்து வந்து தொட்டியில் விட்டார். மதியம்வரை அவை நீந்தின. நமக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டால் அதற்குமேல் யார் கேள்வி கேட்கிறோம்? வால்வைத் திறந்தார்.

மறுநாள் அந்த நாலும் மிதந்தன. ஓடிப்போய் மூடினார். அதற்குள் கொல்லை முழுக்க நனைந்து முடிந்திருந்தது. கெட்டுப்போன மருந்தை யாரோ தொட்டிக்கு வரும் சாக்கடையில் கொட்டிக் கழுவிவிட்டது பிறகுதான் தெரிந்தது. கிருமியைக் கொல்லச் செய்த மருந்து; இது சவுரிராயன் வளர்த்த கிருமி என்று அது பார்க்குமா?

ஒரு வாரத்தில் இலைகள் ஓரத்திலிருந்து கருகின. அவள் ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

"வேர்ப்புழுன்றாங்க, சவுரி. என் நேரத்தப் பாரு."

சொல்லத்தான் வாயைத் திறந்தார். "ஆமாக்கா" என்றுதான் வந்தது. அந்த ஒரு சொல்லுக்காக அவர் பிற்பாடு எத்தனையோ நாள் தன்னையே காறித் துப்பிக்கொண்டார். அன்றைக்கே சொல்லியிருந்தால் திட்டியிருப்பாள், கம்பெனி வாசலில் நின்று நியாயம் கேட்டிருப்பாள். ஏதாவது கிடைத்தும் இருக்கும். மூத்த பெண் பள்ளிக்கூடத்தை விட்டுச் செங்கல் சூளைக்குப் போயிருக்க மாட்டாள்.

அறுவடை முடிந்ததும் தூக்குச்சட்டியில் அவித்த மல்லாட்டையோடு தையல்நாயகி வேலியோரம் வந்தாள்.

"நீ தண்ணி வுடலைன்னா இதுகூட கெடச்சிருக்காது. சாப்புடு, சவுரி."

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் தலையைக் குனிந்தபடி ஒவ்வொன்றாக உரித்தார். முதல் மூன்றும் பருப்பில்லாத பொக்கு.