வெறும் வயிறும் வெறுந்தேத்தண்ணியும்

ஒரு மாதமாகக் கொழுப்பைக் கரைக்க விடியக்காலையில் வெறும் வயிற்றோடு போய்ப் பாரம் தூக்குகிறேன். இன்று வெள்ளவத்தை ஜிம்மில் தராசில் ஏறினால், இரண்டு கிலோ கூடியிருக்கிறது.

பயிற்சி தரும் நஸீருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“அண்ணன், உண்மையாவே ஒண்டும் சாப்பிடாமத்தான் வாறீங்களா?”

“ஓம் தம்பி. வெறுந்தேத்தண்ணி மட்டுந்தான்.”

“சீனி?”

“மூண்டு கரண்டி.”

“கடிக்க?”

“கடிக்கிறேல்லை. பிஸ்கட்டை நனைச்சுத்தான் சாப்பிடுறனான்.”

பக்கத்தில் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தவர் சிரிப்புத் தாங்காமல் அப்படியே தரையில் படுத்துவிட்டார்.

நானோ, தேநீரில் பால் விடாததையே பெரிய தியாகமாக நினைத்திருந்தேன். பெயரிலேயே ‘வெறும்’ இருக்கிறதே!

நனைத்துச் சாப்பிடுகிறவர்கள் கையை உயர்த்துங்கள். என்னால் இன்று உயர்த்த முடியவில்லை, தோள் வலிக்கிறது.