சாமி விளக்கும் செர்வரும் ஒரே சுவிட்சில்

புந்தோங்கில் என் வீட்டுச் சாமி மேடைக்குப் பக்கத்தில், ஊதுவத்திப் பெட்டியை ஒட்டி, விசைப்பலகையில் பாதி எழுத்து உதிர்ந்துபோன ஒரு பழைய லாப்டாப் இருக்கிறது. அதன் மூடியில் சந்தனமும் குங்குமமும் இருக்கும். ஆயுத பூசையன்று என் மனைவி வைத்தது. நாள் பூரா ஓய்வில்லாமல் உழைக்கிறது, இதற்கு வைக்காமல் யாருக்கு வைப்பது என்றாள். அதுதான் என் செர்வர். வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள். முன்பெல்லாம் நாற்காலி போட்டு உட்காரவைத்து விளக்குவேன். இப்போது யாராவது கேட்டால் எரிச்சல்தான் வருகிறது.

என் மச்சானுக்காகப் போட்டது அது. மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். கோப்பெங் பக்கம், ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பு ஒன்றில் இருவரும் குடியிருந்தார்கள். ஒரே மகன். பார்த்த வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போகிறேன் என்று பையன் நின்றபோது, போனால் இந்த வாசப்படியை மிதிக்காதே என்று மச்சான் சொல்லிவிட்டார். அப்பன் ரோஷக்காரர் என்றால் மகன் அதற்கும் மேலே. மிதிக்கவேயில்லை. போன் எண்ணை மாற்றிவிட்டான். எந்த நாட்டில் இருக்கிறான் என்பதுகூடத் தெரியாமல் வருஷங்கள் ஓடின.

லாரி ஓட்டி ஓய்வு பெற்றதும் மச்சான் ஒரு லாப்டாப் வாங்கினார். சாப்பிட்டுவிட்டுத் தினமும் மத்தியானம் உட்கார்ந்து மகனைத் தேடுவார். அதே பெயரில் எவன் எங்கே இருந்தாலும் அந்தப் பக்கத்தை புக்மார்க்கில் போட்டுக்கொள்வார். ஒருநாள் லாப்டாப் ரோசாக் ஆகிப் படுத்துக்கொண்டது. கடைக்காரன் பழுது பார்க்கிறேன் என்று எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துக் கொடுத்துவிட்டான். மச்சான் அதைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். நான் ஓர் ஆபீசில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன். பெரிய கம்பெனிக்காரர்களே இலவசமாக இதையெல்லாம் வைத்துக்கொள்வார்கள் மச்சான், அதில் போட்டுவிடலாம் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

“நம்ம பிள்ளைய நம்ம தேடுறத ஊரான் எதுக்கு வச்சிருக்கணும் மாப்ளே? நம்ம வீட்டுச் சாமான் நம்ம வீட்டுல இருக்கட்டும்லா.”

சரி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. லினக்ஸில் சொந்தமாகவே ஒரு செர்வர் போடலாம், ப்ரௌசரில் நீங்கள் சேர்ப்பதெல்லாம் என் வீட்டுப் பெட்டிக்கு வந்து பத்திரமாக இருக்கும் என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, போடுவதற்குள் தலையால் தண்ணி குடித்தேன். வழிமுறை எழுதிய புண்ணியவான் நடுநடுவே பாதியை விழுங்கிவிட்டிருந்தான். டேட்டாபேஸ் எழுந்தால் செர்வர் படுத்துக்கொள்ளும். செர்வரை எழுப்பினால், சர்டிபிகேட் சரியில்லை என்று ப்ரௌசர் முறுக்கிக்கொள்ளும். எல்லாம் ஒழுங்கான பிறகும் உள்ளே விடவில்லை. அனுமதி இல்லை, அனுமதி இல்லை என்று அதே பல்லவி. ஒரு சனிக்கிழமை முழுக்கப் போராடிக் கடைசியில் பார்த்தால், பழைய லாப்டாப்பில் கடிகாரத்துக்கான சின்ன பேட்டரி செத்துப்போய், அது ஏதோ ஒரு பழைய வருஷத்திலேயே இருந்துகொண்டிருந்தது. புது பேட்டரி போட்டுத் தேதியைத் திருத்தினேன், கதவு திறந்துகொண்டது. மச்சான் அன்று முழுக்க என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அக்காவின் போனையும் அதே கணக்கில் சேர்த்தேன். மச்சான் லாப்டாப்பில் ஒன்றைச் சேர்த்தால் அது என் செர்வருக்கு வரும். அங்கிருந்து அக்காவின் போனுக்குப் போய்விடும். மகனை அவர்கள் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் ‘தம்பி’ என்றே ஒரு ஃபோல்டர் போட்டுக் கொடுத்தேன். இனிமேல் லாப்டாப்பே போனாலும் ஒன்றும் போகாது என்று எல்லார் முன்னாலும் மார்தட்டினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பெட்டியைச் சாமி மேடைப் பக்கம் வைத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. இணையக் கம்பி அந்தச் சுவரில்தான் வருகிறது. அங்கே இருப்பது இரண்டே சாக்கெட். ஒன்றில் மோடம். இன்னொன்றில் எக்ஸ்டென்ஷன் போட்டு, அதில் சாமி படத்துக்கு முன்னால் எப்போதும் எரியும் சிவப்பு பல்பையும் என் செர்வரையும் செருகியிருந்தேன்.

தைப்பிங்கில் என் பெரியப்பா இறந்துபோனார். பங்காளி சாவு, எங்களுக்குப் பதினாறு நாள் தீட்டு. வீட்டில் சாமி விளக்கு எரியக்கூடாது. தைப்பிங்குக்குக் கிளம்பும் அவசரத்தில் என் மனைவி மேடைக்குத் துணியைப் போட்டு மூடினாள். அந்தச் சிவப்பு பல்புக்குத் தனியாகச் சுவிட்ச் கிடையாது. சுவரில் இருந்த சுவிட்சை அடைத்தாள். அவ்வளவுதான் நடந்தது.

பழைய லாப்டாப், அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. அடைத்த நொடியே அதுவும் போயிருக்கும். நான் கவனிக்கவில்லை. பாதி நாள் தைப்பிங்கில் கிடந்தேன். வீட்டுக்கு வந்தாலும் தீட்டு வீட்டில் சாமி மேடைப் பக்கம் யார் போவார்கள்? துணிக்குப் பின்னால் அது செத்துக் கிடப்பது யாருக்கும் தெரியவில்லை. ப்ரௌசரும் ஊரைக் கூட்டிக் கத்தாது. செர்வர் கிடைக்கவில்லை என்றால், கிடைக்கும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் தன்னிடமே வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும்.

அந்தத் தீட்டு நாள்களுக்குள் ஒரு மத்தியானம், அக்கா சமையலறையில் இருந்தபோது மச்சான் வந்து வாசலில் நின்றிருக்கிறார். முகமெல்லாம் சிரிப்பாக இருந்ததாம்.

“தம்பிய பாத்துட்டேன். மீன் கறி சமைச்சு வீடியோ போடுறான், உன் கறியேதான். மூஞ்சி காட்டல, கை மட்டும்தான் தெரியுது. என் பிள்ளை கை எனக்குத் தெரியாதா? சேத்து வச்சிருக்கேன், குளிச்சிட்டு வந்து காட்டுறேன்.”

குளிக்கப் போனவர் உள்ளேயே விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாவு வீட்டில் அக்கா இதை யாரிடமும் சொல்லவில்லை. போனில் வந்திருக்கும், எங்கே போய்விடப்போகிறது, காரியம் முடிந்ததும் பார்த்து மகனுக்குச் சொல்லலாம் என்று நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்தாள். அவர் இல்லாமல் தனியாகத் திறந்து பார்க்கவும் மனசு வரவில்லை என்று பிறகு சொன்னாள். நடுவில் எங்கள் தீட்டு கழிந்து, என் மனைவி சுவிட்சைப் போட்டாள். பெட்டி தானாகவே எழுந்துகொண்டது. அப்போதுகூட யாராவது மச்சானின் லாப்டாப்பைத் திறந்து கொஞ்ச நேரம் வைத்திருந்தால் போதும், எல்லாம் வந்து சேர்ந்திருக்கும். துக்க வீட்டில் யாருக்கு அந்த நினைப்பு வரும்?

மச்சானின் பதினாறாம் நாள், வழக்கப்படி அவர் சாமான்களை எடுத்துக் கொடுத்தார்கள். சட்டை துணிமணி ஆளுக்கொன்றாகப் போனது. லாப்டாப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போனது. கொடுக்கலாமா என்று கேட்டதற்கு அக்காவே, கொடுங்கள், எல்லாம் என் தம்பி வீட்டில் இருக்கிறது என்றாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன், ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

எல்லாரும் போன பிறகு அக்கா போனைத் திறந்து ‘தம்பி’ ஃபோல்டரைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் காலையிலேயே பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு விஷயமே தெரியும். செர்வரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். பெரியப்பா இறந்த நாளோடு நின்று, தீட்டுக் கழிந்த நாளில் மறுபடி ஆரம்பித்தது. நடுவில் வெறுமை. பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். வாங்கிய அன்றே கடையில் கொடுத்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிவிட்டார்கள். இருந்த எல்லா வித்தையையும் காட்டிப் பார்த்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை.

திரும்பி வந்தபோது அக்கா அந்தப் பெட்டிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளே திறந்து நல்லாப் பார் என்றாள். அவள் போனை வைத்து என் கணினியையும் அதே கணக்கில் சேர்த்து, ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். ஜோகூரில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரன், எங்கோ ஒரு பல் டாக்டர், ஒரு பந்து விளையாட்டுக்காரன். எல்லாம் அதே பெயர், எவனும் எங்கள் பையன் இல்லை.

“நீதானே சொன்ன, லாப்டாப் போனாலும் ஒன்னும் போகாதுன்னு?”

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள். அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து கோபத்தையெல்லாம் என் மனைவி மேல் காட்டினேன். செத்த வீட்டில் சாமி விளக்கை எரிய விடுவார்களா என்று அவள் ஒரே கேள்வி கேட்டாள். மோடம் இருக்கும் சாக்கெட்டில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் போட்டு, செர்வரை அதற்கு மாற்றினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

மீன் கறி, கை மட்டும். எங்களிடம் இருந்த துப்பு அவ்வளவுதான். தேடினால் வருகிறது ஐயா, கடல் போல வருகிறது. உலகத்தில் இத்தனை பேர் முகத்தைக் காட்டாமல் மீன் கறி வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோப்பெங் போய் அக்காவோடு உட்கார்ந்து பார்ப்பேன். அவள் கண்ணை அகல விரித்துக் கையை மட்டும் பார்ப்பாள். இவன் புளியை அப்படியே கொட்டுகிறான், என் பிள்ளை இப்படிச் செய்ய மாட்டான் என்பாள். இவனுக்கு நகம் வேற மாதிரி என்பாள். சில வாரம் கழித்து நான் சோர்ந்துவிட்டேன். போகாமல் இருக்கச் சாக்குத் தேட ஆரம்பித்தேன். அவளும் கூப்பிடவில்லை. விட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் ஏதோ தேடப்போய் என் ப்ரௌசரில் ஓர் ஓரத்தைத் திறந்தேன். ஒரே கணக்கில் இருக்கும் மற்றவர்கள் என்னென்ன பக்கங்களைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று அங்கே வரும். அக்காவின் போன் இருந்தது. மீன் கறி, மீன் குழம்பு, கிராமத்து மீன் குழம்பு, தேங்காய்ப்பால் மீன் கறி. இழுக்க இழுக்க முடியவில்லை. எதையுமே அவள் மூடவில்லை. செர்வர் ஒன்றுவிடாமல் எனக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தது.

ஒன்றைத் திறந்தேன். யாரோ ஒருவருடைய கை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது. கீழே கருத்துகளில், செம்பருத்திப் படம் போட்ட அக்காவின் கணக்கு.

“தம்பி, இது நீயா? அப்பா போயிட்டாரு.”

அடுத்ததைத் திறந்தேன். அதே வரி. அதற்கடுத்ததிலும் அதே வரி. அவளுக்கு எழுத்துக்கூட்டித் தட்டத்தான் வரும். ஒவ்வொன்றையும் தட்டியிருக்கிறாள். கீழே முன்பின் தெரியாதவர்கள் கைகூப்பி இரங்கல் சொல்லியிருந்தார்கள். ஒருத்தி, நான் பொண்ணும்மா, சாப்பிட்டீங்களா என்று கேட்டிருந்தாள். இன்னொன்றில் சமைத்தவனே பதில் போட்டிருந்தான்.

“அம்மா, நான் உங்க மகன் இல்லம்மா. மன்னிச்சிருங்க.”

அதற்குக் கீழே அக்கா எழுதியிருந்தாள்.

“பரவால்லப்பா. நீ வீட்டுக்குப் போன் போடு.”