நான் அரைத்த கோலமாவு

ஆம்பூரில் நாங்கள் வாங்கிய வீடு முன்பு ஷூ மேல்பாகம் தைக்கும் சின்ன யூனிட்டாக இருந்தது. மெஷின்களெல்லாம் போன பிறகும் கூடத்தில் பழைய சீலிங் மட்டும் மிச்சமிருந்தது. சதுரம் சதுரமாக வெள்ளை அட்டைகள், மழை ஒழுகிப் பழுப்பேறியவை. மார்கழி பிறப்பதற்குள் அதை இறக்கிவிட்டுப் பூச்சு வேலை செய்யலாம் என்று மேஸ்திரியைக் கூப்பிட்டோம்.

அவர் கடப்பாரையால் இடிக்க இடிக்க வீடெல்லாம் வெள்ளைத் தூசி. மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு கத்தினேன். என் வீட்டுக்காரர் தோல் கம்பெனியில் பஃபிங் மெஷினில் தோலைத் தேய்க்கிறவர். நாள் முழுக்கத் தூளில் நிற்கிற மனுஷன்.

"பஃபிங் தூளையே தின்னு வளந்த ஊரு இது. இந்தத் தூசு இன்னா பண்ணிடும்? சும்மா பேஜார் பண்ணாத" என்றார்.

எனக்கும் அப்போது தூசி என்றால் தூசிதான். வேறென்ன?

என் கெட்டிக்காரத்தனம் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. உடைந்த துண்டு ஒன்றைத் தரையில் இழுத்துப் பார்த்தேன். சாக்பீஸ் மாதிரி வெள்ளையாகக் கோடு விழுந்தது. மார்கழி வருகிறதே, கோலமாவைக் கடையில் வாங்குவானேன்? மகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் ஒரு கூடைத் துண்டுகளைப் பொறுக்கி, குழவியால் நுணுக்கி, பழைய துணியில் சலித்தேன். பட்டு மாதிரி வந்தது. பெரிய சாமர்த்தியக்காரி நான்! டப்பா நிறைய அவளிடம் கொடுத்தேன். அவளுக்கு ஒன்பது வயது. எனக்கு வராத புள்ளிக்கோலமெல்லாம் அவளுக்கு வரும்.

மார்கழி முழுக்க அவள்தான் போட்டாள். விரலிடுக்கில் மாவு, மூக்கு நுனியில் மாவு. கோடு பிசகினால் மண்டியிட்டுக் குனிந்து, கன்னத்தை உப்பி 'உஃப்' என்று ஊதிவிட்டுத் திரும்பப் போடுவாள்.

பொங்கலுக்கு என் தம்பி வந்தான். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறான். வீடு முன்பு எப்படி இருந்தது பார் என்று போனில் படம் காட்டினேன்.

"அக்கா, இந்த அட்டைய டெஸ்ட் பண்ணீங்களா?"

"அட்டைல இன்னாடா டெஸ்ட்டு?"

"பழைய சீலிங்ல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம்க்கா. கல்நாரு. இருக்குன்னு சொல்லல, இருக்கலாம். முழுசா இருந்தா பயம் கம்மி. தூளாகி மூச்சுல போனாத்தான்..."

தூளாகி என்பதற்கு மேல் அவன் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. வாசலில் என் மகள் பொங்கல் பானை வரைந்து, குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய் டப்பாவைப் பிடுங்கினேன். அவள் வீரிட்டு அழுதாள். மாவைச் சாக்கடையில் கொட்டினேன். குடம் குடமாக ஊற்றி வாசலைக் கழுவினேன், குழவியைக் கழுவினேன், சலித்த துணியை அடுப்பில் போட்டேன். எல்லாம் முடிந்த பிறகுதான் தம்பி மெதுவாகக் கேட்டான்.

"ஒரு சிட்டிகையாவது வெச்சிருந்தா லேபுக்கு அனுப்பியிருக்கலாமேக்கா. எல்லாத்தையும் கழுவிட்டியே."

மேஸ்திரிக்குப் போன் போட்டோம். "அந்தக் குப்பையா? அன்னைக்கே டிராக்டர்ல ஏத்தி எங்கியோ பள்ளத்துல கொட்டிட்டாங்கம்மா. மேல மண்ணும் அடிச்சாச்சு" என்றார். இனி அது என்னவென்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

வேலூரில் டாக்டர் மகளுக்கு நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்தார்.

"இப்ப ஒண்ணும் இல்லம்மா. ஆனா இப்ப தெரியவும் தெரியாது. கல்நார்த் தூளால நுரையீரல்ல நோய் வர்றதுக்கு இருபது, முப்பது வருஷம்கூட ஆகும். வராமலும் போகலாம்."

திரும்பி வரும் பஸ்ஸில் விரல் விட்டு எண்ணினேன். அவளுக்கு நாற்பது ஆகும்போது எனக்கு எழுபத்திரண்டு, இருந்தால். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். ஆம்பூர் வரைக்கும் அவள் மூச்சையே கேட்டுக்கொண்டு வந்தேன். இப்போதும் அவள் ஒரு தரம் இருமினால் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். சளிதான் என்கிறார் இவர். நாசமாய்ப்போன என் கை! வேறு வேலையே கிடைக்கவில்லையா அதற்கு?

அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. கடையில் வாங்கிய மாவு கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் இதை எழுதி அவளுடைய பிறப்புச் சான்றிதழோடு வைக்கிறேன். கண்ணு, என்றைக்காவது மூச்சு வாங்கி நீ ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்தால், தூசியில் வேலை பார்த்தாயா என்று கேட்பார். இல்லை என்று சொல்லிவிடாதே. ஒன்பது வயதில் ஒரு மாதம், அம்மா அரைத்துக் கொடுத்தாள் என்று சொல்.