ஆர்டர் போட்ட போர்டும் ஒரு சொம்புத் தண்ணீரும்

வெள்ளைக்காரன் இந்தச் சீமையில் கொண்டுவந்து இறக்கிய சொற்களிலே எனக்கு அடியோடு பிடிக்காத சொல் ‘ஆர்டர்’. பிடிக்காது பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே பதினெட்டு வருஷம் அதை வைத்துத்தான் சோறு தின்றேன். யூனியன் போர்டு குமாஸ்தாவுக்கு அதை விட்டால் வேறு பிழைப்பு ஏது?

எங்கள் ஊர் ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவே, பாலாற்றை ஒட்டி இருந்தது. இங்கிலீஷ் தெரிந்தவர்களை எண்ண ஒரு கை விரலே அதிகம். ஆனால் ‘ஆர்டர்’ தெரியாத ஆள் ஊரில் கிடையாது. மெட்ராஸிலிருந்து ஆர்டர் வந்துவிட்டது என்று தோல் பதனிடும் ஷாப்பில் பேச்சுக் கிளம்பினால் அன்று சாயங்காலம் கறிக்கடையில் நிற்க இடம் இருக்காது. ஆர்டர் நின்றுவிட்டது என்றால் அதே வீடுகளில் கூழுக்கும் பஞ்சம். தபால்காரர் கொண்டுவருவது மணியார்டர். அவரை வாசலுக்கே ஓடிப் போய் வரவேற்பார்கள். கோர்ட்டு அமீனா கொண்டுவருவதும் ஆர்டர்தான். அவரைக் கண்டால் வீட்டுக்காரர் கொல்லைப்புறமாக வெளியூர் போய்விடுவார். ரயில் ஸ்டேஷன் கடிகாரம் ஒரு நாள் நின்றுபோனது. ஸ்டேஷன் மாஸ்டர் ‘அவுட் ஆஃப் ஆர்டர்’ என்று ஓர் அட்டை எழுதி அதன் கழுத்தில் தொங்கவிட்டார். கடிகாரத்தைப் பழுது பார்க்க யாரும் வரவில்லை. மழையில் அட்டை நைந்து போனதும் புது அட்டை மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. என் மனைவி ஒருத்திதான் அந்தச் சொல்லை வாயில் எடுக்கமாட்டாள். சொல்லைத்தான் எடுக்கமாட்டாள், போடுவதையெல்லாம் போடுவாள்.

இந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் கோயில் கட்டாத குறையாக மரியாதை செய்தவர் எங்கள் போர்டுத் தலைவர். ஆவாரம் பட்டை வியாபாரி. தோல் பதனிட அந்தப் பட்டை இல்லாமல் முடியாது என்பதால் சுற்றுவட்டாரத்து ஷாப்புகளெல்லாம் அவர் வீட்டு வாசலில் வண்டி நிறுத்தும். ஒருமுறை வேலூரில் பெரிய கூட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே துரை மேஜையைத் தட்டி “ஆர்டர், ஆர்டர்” என்றதும் நூறு பேர் வாயை மூடினார்களாம். மறுநாளே ஆசாரியைக் கூப்பிட்டுக் கருங்காலியில் ஒரு சுத்தி செய்யச் சொன்னார். எங்கள் போர்டில் மொத்தம் ஏழு மெம்பர்கள். இரண்டு பேர் தூங்குவார்கள், மூன்று பேர் வெற்றிலை போடுவார்கள். சத்தமே இல்லாத அந்தச் சபையில் இவர் சுத்தியால் படீர் என்று ஒன்று போட்டு “ஆர்டர், ஆர்டர்” என்பார். தூங்கினவர்கள் பதறி எழுந்து “ஆமோதிக்கிறேன்” என்பார்கள். நான் எழுதிக்கொள்வேன். பல தீர்மானங்கள் இப்படி நிறைவேறியவைதான்.

ஒரு கோடைக்காலக் கூட்டத்தில் கீழ்த்தெருப் பெண்பிள்ளை ஒருத்தி வந்து வராந்தாவுக்குக் கீழே நின்றாள். ஐம்பது வயதிருக்கும். தோல் ஷாப்பில் சுண்ணாம்பில் ஊறிய தோலைக் கழுவிப் போடும் வேலை. கைகள் வெளுத்து வெடித்திருந்தன. கையில் ஒரு பித்தளைச் சொம்பு. அதைப் படியில் வைத்துவிட்டு நாலு அடி பின்னால் போய் நின்றுகொண்டாள்.

“எங்க தெரு கெணத்துத் தண்ணி எஜமான். ஷாப்புத் தண்ணி ஓடையில வந்து கெணத்துல எறங்குது. உப்பு, வாயில வெக்க முடில. ஒரு வாய் குடிச்சிப் பாருங்க, தெரியும்.”

“எத்தினி நாளா?” என்றார் தலைவர்.

“பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்து. எம் பொண்ணு ஏழு மாசம், பிள்ளப்பேறுக்கு வந்துகீது. நா வேலைக்குப் போய்ட்டா அதுதான் கொடத்த எடுத்துகினு ஆத்துக்குப் போவுது. மணல்ல ஊத்து தோண்டி மோந்தாரணும். நேத்து வழியில உக்காந்துட்ச்சி. அதுக்கு எதனா ஆயிட்டா நா இன்னா பண்ணுவேன்? அந்தத் தண்ணிய எங்க கெணத்தாண்ட வராம திருப்பி வுடுங்க, போதும்.”

கேட்டது இவ்வளவுதான். வாய்க்காலைத் திருப்ப வேண்டும். கிணறு தானாகத் தெளிந்துவிடும். ஆனால் திருப்புவதற்கு இருந்த ஒரே வழி தலைவருடைய பட்டைக் கிடங்கு நின்ற இடத்தின் வழியாகத்தான் போயிற்று. அந்த இடம் புறம்போக்கு. அது ஊருக்கே தெரியும், யாருக்கும் தெரியாதென்று தலைவர் மட்டும் நம்பிக்கொண்டிருந்தார்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். “விதி என்னய்யா சொல்லுது?”

இந்த இடத்தில் என் வாயை நான் தைத்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கோ அப்போது புத்திசாலி என்று பெயர் எடுக்கும் ஆசை பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. “தண்ணீர்ப் புகார் என்றால் மெம்பர் ஒருவராவது தாமே ருசி பார்த்து உறுதி சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆர்டர் போடலாம்” என்றேன். விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி இல்லை. எங்கே இருக்கிறது என்று கேட்கக்கூடியவர் ஒருவரும் சபையில் இல்லை என்ற தைரியம்தான்.

சரி, ஒருவர் குடித்துவிட்டால் முடிந்தது காரியம் என்றுதான் நான் நினைத்தேன். சொம்பு படியில் இருந்தது. ஆறு மெம்பர்கள் அதைப் பார்த்தார்கள். ஒருவர் அன்று விரதம் என்றார். அவர் வாயில் வெற்றிலை இருந்தது. ஒருவருக்கு வைத்தியர் ஆர்டர், வெந்நீர் தவிர வேறு கூடாதாம். இன்னொருவர் எழுந்து போய்ச் சொம்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “பார்த்தா நல்லாத்தானே கீது” என்று சொல்லி வந்து உட்கார்ந்தார். தூங்குகிறவர் இருவரும் அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே தூங்கிவிட்டார்கள். தண்ணீர் உப்பென்று யாரும் பயப்படவில்லை. அது எந்தத் தெருச் சொம்பு என்பதுதான் பயம். அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, அவளுக்கா தெரியாது? தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. “ருசி பார்க்கப்படாமையால்” என்று காரணம் எழுதினேன்.

அடுத்த கூட்டத்துக்கும் அவள் அதே சொம்போடு வந்தாள். அன்று ஏழாவது மெம்பரும் வந்திருந்தார். அவர்தான் அந்தத் தோல் ஷாப்பின் சொந்தக்காரர் சாஹேப். போன தடவை மெட்ராஸ் போயிருந்தார். விஷயத்தைக் கேட்டார். எழுந்து போனார். சொம்பை எடுத்து, அண்ணாந்து மடக் மடக்கென்று இரண்டு வாய் குடித்தார். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“உப்பு ஜாஸ்தி. கசப்பு வேற. இது நம்ம ஷாப்புத் தண்ணிதான், சந்தேகமே இல்ல. போர்டு ஒரு ஆர்டர் குடுக்கட்டும், புது வாய்க்கா வெட்டிடறேன். செலவு நம்மளது.”

குற்றம் சாட்டப்பட்டவரே குடித்துப் பார்த்து, ஆமாம் என்று ஒப்புக்கொண்டு, கைக்காசையும் போடுகிறேன் என்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்? நான் பேனாவை மையில் தோய்த்தேன். தலைவர் முகம் மட்டும் கோணிப் போயிருந்தது. பட்டைக் கிடங்கு கண் முன்னால் வந்து நின்றிருக்கும். சுத்தியை எடுத்து ஒரு போடு போட்டார்.

“ஆர்டர், ஆர்டர். சாஹேப், நீங்க இந்த விவகாரத்துல சம்பந்தப்பட்ட பார்ட்டி. நீங்க குடிச்சது அவுட் ஆஃப் ஆர்டர்.”

சாஹேப் சிரித்துவிட்டார். “குடிச்ச தண்ணி வயித்துக்குள்ள போய்ட்ச்சே தலைவரே. அதை இன்னா பண்றது?”

“வயித்தப் பத்தி போர்டுக்குக் கவலை இல்ல. செல்லாது.”

“அப்ப செல்லுபடியாகிறவங்க யாராவது ஒரு வாய் குடிங்களேன். இன்னா பேஜாரு இது.” சாஹேப் சொம்பை மேஜை மேலேயே கொண்டுவந்து வைத்தார். மேஜையைச் சுற்றியிருந்த நாற்காலிகள் எல்லாம் ஒரு சாண் பின்னால் நகர்ந்தன. என் நாற்காலியும் நகர்ந்தது. நகர்த்தியது நான்தான். அன்றைய குறிப்பில் “ஒரு மெம்பர் தண்ணீர் குடித்தார், அது செல்லாது” என்று முத்து முத்தாக எழுதி வைத்தேன். அந்தப் பக்கம் இன்னும் எங்காவது பீரோவில் இருக்கும். கரையான் தின்றிருந்தால் புண்ணியம்.

யார் வாயிலும் படாமல் ருசி பார்ப்பது எப்படி என்று யோசித்துத் தலைவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு புட்டியில் அடைத்து வேலூருக்கு அனுப்பிவிடலாம், அங்கே மருந்து ஊற்றிப் பார்த்துச் சொல்லட்டும். புட்டியில் தண்ணீரை அவளே மோந்து ஊற்றினாள். நான் தக்கை அடித்து, அரக்கு வைத்து, சீல் குத்தினேன். புட்டியைத் தொடுவதற்கு யாருக்கும் கூச்சம் இல்லை. கண்ணாடிக்கு அந்த மகிமை உண்டு போலிருக்கிறது.

பதில் வருவதற்குள் மாதம் இரண்டு ஓடிவிட்டது. அவள் வாரம் ஒரு நாள் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பாள். “ஆர்டர் வந்துச்சா சாமி?” என்பாள். அந்தச் சொல் அவளுக்கும் வந்துவிட்டிருந்தது. “வரும்மா, வரும்” என்று உள்ளே இருந்தபடியே சொல்வேன். ஒருமுறை அவளோடு மகளும் வந்திருந்தாள். வயிறு முன்னால் தள்ளி, இடுப்பில் கைவைத்து, வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையில் சும்மாடு இருந்தது. ஆற்றுக்குப் போகிற வழியில் கேட்டுவிட்டுப் போக வந்திருக்கிறார்கள்.

கடைசியில் வேலூர்க் காகிதம் வந்தது. இந்தத் தண்ணீர் மனிதர் குடிக்க லாயக்கில்லை என்று ஒரே வரி. எனக்கு உண்மையாகவே சந்தோஷம். கூட்டத்தில் கணீரென்று படித்தேன். சாஹேப் “அப்படிப் போடு” என்று தொடையைத் தட்டினார். தலைவர் மட்டும் பதறவே இல்லை. காகிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“லாயக்கில்லாத கெணறு ஊர்ல இருக்கலாமா?” என்று சபையைக் கேட்டார்.

இருக்கக் கூடாது என்றார்கள்.

“அப்ப மூடிடு. பலகை அடிச்சு மூடு. யாரும் மோக்கக் கூடாதுன்னு ஆர்டர் போடு.”

“மூடறதா? வாய்க்கால இல்ல திருப்பணும்?” என்று சாஹேப் எழுந்தார். சுத்தி விழுந்தது. “ஆர்டர், ஆர்டர்.” தூங்கினவர்கள் எழுந்து ஆமோதித்தார்கள். ஒன்றுக்கு ஆறு. எங்கள் போர்டு சரித்திரத்தில் அவ்வளவு சுருக்காக வேலை நடந்தது அன்று ஒருநாள்தான்.

ஆர்டரை எழுதியவன் நான். இங்கிலீஷில், அடித்தல் திருத்தல் இல்லாமல், ஓரத்தில் ரூல் தடி வைத்துக் கோடு போட்டு எழுதினேன். அநியாயம் என்று மனதுக்குத் தெரிந்தது. கையெழுத்து அழகாக வந்திருக்கிறது என்பதும் தெரிந்தது. இரண்டாவதுதான் அன்று பெரிதாகத் தெரிந்தது என்று சொல்ல இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது.

ஒட்டுவதற்கு ப்யூன் இல்லை, அவனுக்குக் காய்ச்சல். நானே பசைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தெருவுக்குப் போனேன். அதுவரை நான் அந்தத் தெருவுக்குள் கால் வைத்ததில்லை. தச்சன் பலகை அடித்துவிட்டுப் போயிருந்தான். நான் காகிதத்தை ஒட்டி நீவிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் குடம் இருந்தது.

“இன்னா சாமி போட்டுகீது, தமிழ்ல சொல்லுங்க.”

சொன்னேன்.

“ஓடைத் தண்ணிய திருப்புறதப் பத்தி?”

“அதுல இல்லம்மா.”

“வேற கெணறு வெட்டித் தராங்களா?”

“அதுவும் இல்ல.”

“பொண்ணுக்கு நேத்து ஆத்துலயே வலி எடுத்துட்ச்சி. ஊத்தாண்டயே பொறந்துட்ச்சி. மணல்ல கெடந்துச்சி புள்ள. எப்டியோ பொழச்சிகீது. பச்ச ஒடம்புக்காரிக்கு வெந்நி வெக்கக்கூட நா ஆத்துக்குத்தான் போவணும்.”

பசைக் கையை வேட்டியில் துடைத்தேன்.

“ரெண்டு தடவ கொண்டாந்து வெச்சேன் சாமி. ரெண்டு தடவயும் நீங்க அங்கதான் குந்திகினு இருந்தீங்க. ஒரு வாய் குடிச்சிட்டு, ஆமா, உப்புதான்னு நீங்க சொல்லியிருந்தா?” அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“நா மெம்பர் இல்லம்மா. எனக்கு அதுக்கெல்லாம் ஆர்டர் கெடையாது.”

“தண்ணி குடிக்கவா?” என்றாள்.

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் போய்த் திரும்ப வேண்டும். குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்துவிட்டாள்.